பழைய ஹாலிவுட் இசைப்படங்களின் டிவிடி, ப்ளூ-ரே, 4கே வெளியீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1927-இல் வெளிவந்த 'தி ஜாஸ் சிங்கர்' தொடங்கி 1960களின் இறுதிவரை ஹாலிவுட் எடுத்த, பாட்டும் ஆட்டமும் நிறைந்த படங்களைத்தான் இங்கே இசைப்படங்கள் என்கிறேன். அவற்றை வீட்டில் பார்க்க விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்களின் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான்: அட்டையில் ஒரே பெயர் இருந்தாலும் இரண்டு டிஸ்குகளில் இருப்பது ஒரே படமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தப் பிலிமிலிருந்து, எந்த ஆண்டில் எடுத்தார்கள் என்று விசாரிக்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

ஒரே ஒரு டிஸ்க்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

'சிங்கின் இன் தி ரெய்ன்' (1952). ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கிய படம். 2022-இல், படத்தின் எழுபதாவது ஆண்டில், வார்னர் வெளியிட்ட 4கே டிஸ்கை, அதாவது ப்ளூ-ரேயைவிடக் கூர்மையான படம் தரும் டிஸ்கை, தேடி வாங்குங்கள். 4கே பிளேயர் இல்லையென்றால் 2012-இல் வந்த ப்ளூ-ரே போதும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களும் ரசிக்கலாம். பேசும்படம் வந்தபோது குரல் சரியில்லாத நடிகைக்கு வேறொருத்தி பின்னணி பேசிப் பாடும் கதை அது. பின்னணிப் பாடகர்களோடு வளர்ந்த நமக்கு அந்தக் கதை இன்னும் நெருக்கமாக இருக்கும். கதையில் பின்னணி பாடுகிறவளாக நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கே ஒரு பாட்டில் பெட்டி நோயஸ் என்ற வேறொரு பாடகிதான் குரல் கொடுத்தார் என்பதையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

அந்தப் படத்தின் நெகட்டிவ் எரிந்துபோய்விட்டது என்கிறார்களே? பிறகு எப்படி இவ்வளவு துல்லியமாக இருக்கிறது?

எரிந்தது உண்மை. 1978-இல் நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டர் நகரில் உள்ள ஜார்ஜ் ஈஸ்ட்மன் ஹவுஸ் என்ற திரைப்படக் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கே வைத்திருந்தவை நைட்ரேட் பிலிம்கள். எளிதில் தீப்பற்றும், பற்றினால் அணைப்பது கடினம். அந்தத் தீயில் இந்தப் படத்தின் அசல் நெகட்டிவும் போனது. நல்லவேளையாக, படத்தைத் தயாரித்த எம்.ஜி.எம். நிறுவனம் தன் பழைய நைட்ரேட் பிலிம்களை, எளிதில் தீப்பற்றாத பிலிமில் முன்பே பிரதி எடுத்து வைத்திருந்தது. இன்று நாம் பார்ப்பதெல்லாம் அந்தப் பிரதிகளின் வழி வந்தவை.

ஆனால் பிரதி இருந்தால் மட்டும் போதாது. டெக்னிக்கலர் என்ற அந்தக் காலத்து வண்ணப்பட முறையின் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். லென்ஸுக்குப் பின்னால் ஒரு பட்டகம் ஒளியைப் பிரிக்கும். மூன்று கறுப்பு-வெள்ளைச் சுருள்கள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று சிவப்பின் அளவையும், ஒன்று பச்சையின் அளவையும், ஒன்று நீலத்தின் அளவையும் பதிவு செய்யும். நெகட்டிவில் நிறம் என்பதே கிடையாது. பிரிண்ட் போடும்போதுதான் மூன்றுக்கும் உரிய சாயங்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஒற்றி எடுப்பார்கள். கோலப்பொடி வண்ணங்களைப் போல அவ்வளவு அழுத்தமாக அந்தச் சிவப்பும் மஞ்சளும் விழுந்ததற்குக் காரணம் இதுதான். கறுப்பு-வெள்ளைப் பிலிமில் வெளிறிப்போகச் சாயம் இல்லை என்பதால், சேதமாகாமல் தப்பிய சுருள்களில் நிறத் தகவல் அப்படியே இருக்கிறது. இது நமக்குக் கிடைத்த பெரிய வரம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அரை நூற்றாண்டில் இந்த மூன்று சுருள்களும் சுருங்குகின்றன. மூன்றும் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. அடுக்கிப் பார்த்தால் முகத்தின் ஓரத்தில் சிவப்புக் கோடு, சட்டையின் விளிம்பில் பச்சைக் கோடு என்று பிசிறடிக்கும். பழைய கேசட்டுகளில் படம் மங்கலாகத் தெரிந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2000களின் தொடக்கத்தில் வார்னர் நிறுவனம் 'அல்ட்ரா ரெசல்யூஷன்' என்ற முறையைக் கையாண்டது. மூன்று சுருள்களையும் தனித்தனியே ஸ்கேன் செய்து, கணினியால் ஒவ்வொரு பிரேமிலும் இழுத்து, வளைத்து, ஒன்றோடொன்று பொருந்தவைக்கும் வேலை அது. 2002-இல் வந்த 'சிங்கின் இன் தி ரெய்ன்' டிவிடி அப்படி உருவானது. 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்', 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்', 'ஈஸ்டர் பரேட்', 'தி பேண்ட் வேகன்' ஆகிய படங்களும் தொடர்ந்து அதே முறையில் வந்தன. ஆகவே இந்தப் படங்களின் 2002-க்கு முந்தைய டிவிடி யாராவது பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படம் எத்தனையோ முறை வந்திருக்கிறதே, எது நல்லது?

1980 முதல் வீடியோவில் கிடைக்கும் படம். வாங்க வேண்டியது 2019-இல், எண்பதாவது ஆண்டில் வந்த 4கே டிஸ்க். அல்லது 2009 ப்ளூ-ரே. 2009-க்காகவே மூன்று சுருள் அசல் நெகட்டிவை 8கே அளவில் ஸ்கேன் செய்துவிட்டார்கள். வண்ணப் பகுதியின் அந்த நெகட்டிவ் தீயில் சிக்கவில்லை. பழைய தலைமுறை ரசிகர்கள் கவனிக்க ஒன்று உண்டு. படத்தின் தொடக்கத்தில் வரும் கேன்சஸ் காட்சிகள் 1939-இல் பழுப்பு நிறத்தில்தான் திரையிடப்பட்டன. பின்னால் பல பத்தாண்டுகள் அவை வெறும் கறுப்பு-வெள்ளையாகவே ஓடின. 1989-இல் வந்த ஐம்பதாவது ஆண்டுக் கேசட்டில்தான் பழுப்பு திரும்பி வந்தது. எனவே புதிய டிஸ்கில் பழுப்பாகத் தெரிந்தால் டிவியின் நிறத்தைத் திருத்த வேண்டாம்.

ப்ளூ-ரேயில் படம் முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ நகர்கிறது. டிஸ்க் பழுதா?

இல்லை. பிலிமின் மணிகள் (ஆங்கிலத்தில் கிரெய்ன்) அவை. படமே அந்த மணிகளால் ஆனதுதான். அவற்றைத் துடைத்தெடுக்கும் மென்பொருளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் முகங்கள் மெழுகுப் பொம்மை போலாகிவிடும்; ஆடை நெசவும் காணாமல் போகும். நடனப் படத்தில் துணி எப்படிச் சுழல்கிறது என்பதே பாதி அழகு. டிவியில் 'இரைச்சல் குறைப்பு', 'அசைவு மென்மை' என்று இருக்கும் வசதிகளை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பழைய கேசட்டில் பார்த்ததைவிட ப்ளூ-ரேயில் ஆட்கள் அதிகமாகத் தெரிகிறார்களே?

தெரியத்தான் செய்வார்கள். 1953 வரை எடுத்த பெரும்பாலான படங்கள் ஏறத்தாழச் சதுரமானவை. அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்கு. அவை பழைய டிவிக்கு அப்படியே பொருந்தின. அதன்பின் வந்த சினிமாஸ்கோப்பில் அகலம் 2.55 மடங்கு. அதைப் பழைய டிவித் திரை நிறையும்படி வெட்டினால் ஏறக்குறையப் பாதிப் படம் போய்விடும்.

இதன் கொடுமையை உணர 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) ஒன்றே போதும். ஏழு அண்ணன் தம்பிகள், ஏழு பெண்கள், போதாததற்குப் போட்டிக்கு வந்த ஊர் இளைஞர்கள். கொட்டகை எழுப்பும் விழாவில் இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆடுகிறார்கள். நடன அமைப்பாளர் மைக்கேல் கிட் அந்த அகலத்தை மனத்தில் வைத்தே ஒவ்வொருவரையும் நிறுத்தியிருக்கிறார். ஒருவன் பலகையின் மேல் துள்ளும்போது மறுகோடியில் இன்னொருவன் அவனுக்குப் பதில் சொல்வதைப் போலத் திரும்புகிறான். வெட்டிய கேசட்டில் இந்தப் பதில் இல்லை. யாரோ சிலர் ஆடுகிறார்கள், சட்டகத்தின் ஓரத்தில் யாரோ ஒருவரின் கை வந்து போகிறது, அவ்வளவுதான்.

எல்லா அரங்குகளிலும் அகலத் திரை இருக்காது என்று பயந்து, எம்.ஜி.எம். இந்தப் படத்தைச் சினிமாஸ்கோப்பில் ஒரு முறையும் சாதாரண அகலத்தில் ஒரு முறையும் எடுத்தது. 2018-இல் வார்னரின் பழம்படப் பிரிவான வார்னர் ஆர்க்கைவ் வெளியிட்ட இரண்டு டிஸ்க் ப்ளூ-ரேயில் இரண்டு வடிவங்களும் இருக்கின்றன. முதலில் அகலமானதைப் பாருங்கள். பிடித்திருந்தால் மற்றதையும் பாருங்கள். அதே நடனம், வேறு டேக்.

'ஒக்லஹோமா!' படத்திலும் இரண்டு வடிவங்கள் உண்டாமே?

ஆம், அங்கே காரணம் வேறு. 1955-இல் அது டாட்-ஏஓ என்ற புதிய 65 மி.மீ. முறையில், நொடிக்கு 30 பிரேம் வேகத்தில் எடுக்கப்பட்டது. வழக்கமான வேகம் 24. அந்தப் பிரதியைச் சாதாரண அரங்குகளில் ஓட்ட முடியாது என்பதால் 35 மி.மீ. சினிமாஸ்கோப்பில் தனியாகவும் எடுத்தார்கள். 2005-இல் வந்த டிவிடியில் இரண்டும் உண்டு. ஆனால் அதில் டாட்-ஏஓ வடிவம் எதிர்பார்த்த கூர்மையோடு இல்லை. 2014 ப்ளூ-ரேயில்தான் அதற்குரிய நியாயம் கிடைத்தது. 30 பிரேமில் அசைவு எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறது என்பதைக் குதிரை வண்டி ஓடும் காட்சிகளில் கவனித்துப் பாருங்கள்.

'சவுத் பசிபிக்' பார்க்கும்போது திடீரென்று திரை முழுக்க மஞ்சளாகிறது. டிஸ்கை மாற்றித் தருவார்களா?

மாற்றினாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். 1958-இல் அதை இயக்கிய ஜோஷுவா லோகன், பாட்டுகள் வரும்போது கேமராவில் வண்ண வடிகட்டிகளைப் போட்டு எடுக்கச் சொன்னார். அந்த முடிவுக்காகப் பின்னாளில் அவரே வருந்தினார். டிஸ்க் தயாரித்தவர்கள் அதை நீக்காமல் விட்டது சரி என்பதே என் கருத்து. 2006 டிவிடியிலும் 2009 ப்ளூ-ரேயிலும், பொது வெளியீட்டுக்கு முன் பெரிய நகரங்களில் மட்டும் ஓடிய நீளமான வடிவமும் சேர்ந்திருக்கிறது. அதில் மீட்டுச் சேர்த்த காட்சிகளின் நிறம் மங்கியிருக்கும்.

புதிய டிஸ்க் என்றாலே நல்லது என்று நம்பலாமா?

நம்ப வேண்டாம். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

'மை ஃபேர் லேடி' (1964) படத்தை 1994-இல் ராபர்ட் ஏ. ஹாரிஸும் ஜேம்ஸ் கட்ஸும் பெரும்பாடுபட்டு மீட்டெடுத்தார்கள். 2011-இல் வந்த முதல் ப்ளூ-ரே அந்த உழைப்புக்கு ஈடாக இல்லை, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பின்னர் அசல் பிலிமையே புதிதாக 8கேயில் ஸ்கேன் செய்து, 2015-இல் வேறு ப்ளூ-ரே வந்தது. அதுதான் உண்மையான படம். 2021-இல் 4கேயும் வந்துவிட்டது. பழைய பொருள் விற்கும் இடங்களில் 2011 பதிப்பு மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். நல்ல பதிப்புகளின் கூடுதல் பகுதியில் ஆட்ரி ஹெப்பர்ன் தம் சொந்தக் குரலில் பாடிய பதிவுகளையும் கேட்கலாம். படத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் மார்னி நிக்சனின் குரல்.

அடுத்தது 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' (1961). தொடக்க இசையின்போது திரையில் கோடுகளாலான ஓவியம் ஒன்று நிற்கும். இசை மாற மாற அதன் பின்னணி நிறமும் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கரைந்து மாறும். முடிவில் தலைப்பு அதே நிறத்தின் மேல் தோன்ற வேண்டும். 2011 ப்ளூ-ரேயின் முதல் அச்சில் அந்த இடத்தில் திரை ஒரு கணம் கறுத்துவிட்டுத் திரும்பியது. நடுவில் அணைந்து எரிந்தால், தலைப்பு வடிவமைப்பாளர் சோல் பாஸ் கட்டிய ஏற்றம் முழுவதும் அறுந்துபோகிறது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் திருத்திய டிஸ்கை மாற்றிக் கொடுத்தார்கள். பழைய பிரதி வாங்குகிறவர்கள் அந்த ஓரிடத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எம்.ஜி.எம். படங்களை ஏன் வார்னர் வெளியிடுகிறது?

1986-இல் டெட் டர்னர் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கி, விரைவிலேயே பெரும்பகுதியைத் திரும்ப விற்றுவிட்டார். பழைய படங்களின் உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். 1996-இல் டர்னரின் நிறுவனம் டைம் வார்னரோடு இணைந்தது. அதனால் சிங்கம் கர்ஜிக்கும் பழைய இசைப்படங்கள் எல்லாம் இப்போது வார்னரிடம் இருக்கின்றன. ஃபாக்ஸின் படங்கள் 2019 முதல் டிஸ்னியிடம்.

வார்னர் ஆர்க்கைவ் டிவிடியின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கிறது. போலியா?

போலியாக இருக்க வேண்டியதில்லை. 2009-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், ஆர்டர் வந்தபின் எழுதித் தரும் டிவிடி-ஆர் டிஸ்குகளை விற்றார்கள். பெரிய அளவில் விற்காத நூற்றுக்கணக்கான படங்கள் வெளிவந்ததே அந்த வழியில்தான். அச்சிட்ட டிஸ்கைவிட அவற்றின் ஆயுள் குறைவு. வெயில் படாமல் வையுங்கள். அதே நிறுவனத்தின் ப்ளூ-ரேக்கள் முறையாக அச்சிட்டவை. 'தி பைரேட்', 'தி ஹார்வி கேர்ல்ஸ்', 'பிரிகடூன்', 'சில்க் ஸ்டாக்கிங்ஸ்' என்று அவர்கள் கொண்டுவந்த ப்ளூ-ரே வரிசையைப் போல இந்தத் துறையில் அக்கறையான வேலையை வேறு எவரும் செய்யவில்லை என்பேன்.

சில படங்கள் எங்கே தேடினாலும் கிடைப்பதில்லையே?

உரிமைச் சிக்கல். 1959-இல் வந்த 'போர்கி அண்ட் பெஸ்' முறையாக எந்த வீடியோ வடிவத்திலும் வெளிவந்ததில்லை. சிட்னி பாய்ட்டியரும் டாரதி டான்ட்ரிட்ஜும் நடித்த படம். அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 2011-இல் சேர்க்கப்பட்ட பிறகும் இதே நிலைதான். இணையத்தில் விற்கும் டிஸ்க் எதுவாக இருந்தாலும் அது திருட்டுப் பிரதி.

காத்திருந்து கிடைத்தவையும் உண்டு. 'ஆனி கெட் யுவர் கன்' (1950) பல ஆண்டுகள் முடங்கிக்கிடந்து 2000-இல்தான் கேசட்டிலும் டிவிடியிலும் வந்தது. முதலில் அந்த வேடத்தில் நடித்து இடையிலேயே நீக்கப்பட்ட ஜூடி கார்லண்டின் இரண்டு பாடல் காட்சிகளும் அந்த டிவிடியில் இருக்கின்றன. பால் ரோப்சன் பாடிய 1936 'ஷோ போட்' படத்தின் கதை இன்னும் வருத்தமானது. எம்.ஜி.எம். தான் மறுபடி எடுப்பதற்காக அதன் உரிமையை வாங்கி, பழைய படத்தை முடக்கிப்போட்டது. 1951-இல் வண்ணத்தில் வந்த புதிய படம்தான் ஊரெல்லாம் ஓடியது. பழையதின் நல்ல ப்ளூ-ரே 2020-இல் கிரைட்டீரியன் என்ற அமெரிக்க டிஸ்க் நிறுவனத்தின் வழியாக வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பழையதுதான் பெரிய படம் என்பதில் உங்களுக்கு ஐயம் இருக்காது.

'எ ஸ்டார் இஸ் பார்ன்' நடுவில் நிழற்படங்களாக ஓடுகிறதே?

1954-இல் 181 நிமிடம் ஓடிய படத்தை, வெளியான சில வாரங்களிலேயே 154 நிமிடமாக வெட்டிவிட்டார்கள். 1983-இல் ரொனால்ட் ஹேவர் என்ற காப்பாளர் முழு ஒலித்தடத்தையும் வெட்டப்பட்ட சில காட்சிகளையும் கண்டெடுத்தார். படச்சுருள் கிடைக்காத இடங்களில் படப்பிடிப்பில் எடுத்த நிழற்படங்களை ஒலியோடு சேர்த்து 176 நிமிடமாக்கினார். முதலில் இடறும். கொஞ்ச நேரத்தில் ஜூடி கார்லண்டின் குரலே உங்களை நடத்திச் சென்றுவிடும்.

அமெரிக்காவிலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வரவழைத்த டிஸ்க் இந்தியாவிலும் இலங்கையிலும் ஓடுமா?

உலகைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியின் டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி பூட்டு வைப்பதுண்டு. டிவிடியில் நம் பகுதி 5. அமெரிக்கா 1, இங்கிலாந்து 2. ப்ளூ-ரேயில் நாம் சி; அமெரிக்கா ஏ, இங்கிலாந்து பி. 4கே டிஸ்குகளுக்குப் பகுதிப் பூட்டு இல்லை. எங்கிருந்து வாங்கினாலும் ஓடும். வார்னரின் ப்ளூ-ரேக்கள் பெரும்பாலும் பூட்டில்லாதவை. கிரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூ-ரேக்களுக்குப் பூட்டு உண்டு. அவற்றுக்குப் பூட்டு நீக்கிய பிளேயர் வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இங்கிலாந்து டிவிடிகள் நொடிக்கு 25 பிரேம் ஓடும் பால் (PAL) என்ற டிவி முறையில் செய்தவை. 24 பிரேமில் எடுத்த படம் அதில் நான்கு விழுக்காடு வேகமாக ஓடும். 103 நிமிடப் படம் 99 நிமிடத்தில் முடிந்துவிடும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் எல்லாப் பாட்டும் அரைச்சுரத்தின் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக மேலே ஏறிவிடும். சண்டைப் படத்தில் இது யாருக்கும் தெரியாது. காது பழகியவர்களுக்கு இசைப்படத்தில் உறுத்தும். இசைப்படங்களை இங்கிலாந்து டிவிடியில் வாங்காதீர்கள். ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை பொதுவாக இல்லை.

ஒலியில் மோனோவா, 5.1-ஆ?

மோனோ என்பது ஒற்றைத் தட ஒலி; 5.1 என்பது சுற்றிலும் வைத்த ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்த ஒலி. மோனோவில் வந்த படத்தை மோனோவில் கேளுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. எம்.ஜி.எம். பாடல்களைப் பதிவு செய்யும்போது இசைக்குழுவின் வெவ்வேறு பக்கங்களில் வைத்த மைக்குகளைத் தனித்தனிச் சுருளில் பதிந்து வைத்தது. அவை பிழைத்த படங்களில் இன்றைய ஸ்டீரியோ செயற்கையானது அல்ல. 'மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்' அப்படிக் கேட்கத் தக்கது.

ஓடிடியில் இருக்கும்போது டிஸ்க் எதற்கு?

இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்காது. எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று அங்கே சொல்வதும் இல்லை. அதோடு, வெட்டி நீக்கிய நடனங்கள் டிஸ்கில்தான் முழுமையாக இருக்கின்றன. 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தில் வைக்கோல் மனிதனாக வரும் ரே போல்ஜரின் நீண்ட நடனத்தை ஒரு முறை பாருங்கள். 'சிங்கின் இன் தி ரெய்ன்' படத்திலிருந்து நீக்கிய டெபி ரெனால்ட்ஸின் தனிப்பாட்டும் டிஸ்கில் உண்டு.

பழைய வார்னர் டிவிடிகள் சில ஓட மறுக்கின்றன. என்ன செய்வது?

2006 முதல் 2008 வரை தயாரான அந்த நிறுவனத்தின் டிவிடிகளில் ஒரு பகுதி, கீறலே இல்லாமல் தானாகக் கெட்டுப்போகிறது. 2025-இல் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. ஃப்ரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ராஜர்ஸ் ஜோடிப் படங்களின் இரண்டாவது தொகுப்பு உள்பட எத்தனையோ இசைப்படப் பெட்டிகள் வந்த காலம் அது. உங்களிடம் இருப்பவற்றை எடுத்து, கடைசி அரை மணி நேரத்தை ஓட்டிப் பாருங்கள். பழுது பெரும்பாலும் டிஸ்கின் வெளிவிளிம்பில், அதாவது படத்தின் பிற்பகுதியில் தெரியத் தொடங்கும். இரண்டு அடுக்கு டிஸ்க் என்றால் நடுப்பகுதியையும் பாருங்கள். கெட்டிருந்தால் துடைப்பதால் பயனில்லை. அதே படம் ப்ளூ-ரேயில் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வராதவற்றின் நல்ல பிரதி கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.